ஏனாத்தூரில் ஒரு யுத்தம்!

கல்யாணமானவர்களுக்கு இலவசமாக ஒரு யோசனை. காஞ்சிபுரம் போவதாக இருந்தால் வீட்டில் உண்மையைச் சொல்லாதீர்கள். வாலாஜா என்று சொல்லுங்கள். அரக்கோணம் என்று சொல்லுங்கள். நான் அரிச்சந்திரன் வம்சம். சொல்லித் தொலைத்தேன்.

"காஞ்சிபுரமா!" என்றாள் மனைவி.

அந்த ஆச்சரியக்குறியின் விலை குறைந்தபட்சம் இருபதாயிரம் ரூபாய் என்று பி.காம். படித்த எனக்குத் தெரியாதா? உடனே பின்வாங்கினேன். "காஞ்சிபுரம் இல்லம்மா... ஏனாத்தூர். அங்கே காலேஜ்தான் இருக்கு. புடவைக் கடை கிடையாது."

"ஏனாத்தூர்லேர்ந்து காஞ்சிபுரம் எவ்வளவு தூரம்?"

"அஞ்சு கிலோமீட்டர் இருக்கும்."

"ஷேர் ஆட்டோ ஓடுமில்லே?"

எதிரி கோட்டைக்குள் வந்துவிட்டபின் என்ன செய்ய முடியும்? வெள்ளைக்கொடி காட்டிவிட்டுக் கிளம்பினேன்.

விஷயம் இதுதான். ஏனாத்தூரில் உள்ள ஒரு கல்லூரியில் மாணவர் பட்டிமன்றம். தலைப்பு: 'நாட்டைக் காப்பது ஆயுதமா, அரிசியா?' நடுவராக வரவேண்டிய தமிழ்ப் பேராசிரியருக்குக் காய்ச்சலில் தொண்டை கட்டிவிட்டது. அங்கே வேலை பார்க்கும் என் நண்பன் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தான். "உனக்கு விஷயம் தெரியும்னு கூப்பிடலைடா. நீ சும்மா இருப்பேன்னு தெரியும், அதான்" என்றான். சன்மானம் உண்டா என்று நாசூக்காகக் கேட்டேன். பொன்னாடை உண்டு என்றான்.

* * *

2025 ஐப்பசி. தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்டிருந்த நேரம். பூந்தமல்லி தாண்டியதும் பஸ் கண்ணாடிக்கு வெளியே ஒரே சாம்பல் நிறம். ஸ்ரீபெரும்புதூர் வந்தபோது கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போயின. எல்லா ஜன்னலிலும் ஒரே மாதிரி சட்டை போட்ட பையன்கள். நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டே வீட்டுக்குப் போகிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை ஆடுகிறது, தலையும் ஆடுகிறது.

"இதுல பாதிப் பேர் நெசவாளி வூட்டுப் புள்ளைங்க" என்றார் பக்கத்து சீட் பெரியவர், கேட்காமலேயே. "தறியில உக்காரச் சொன்னா முதுகு வலிக்குதும்பான். இங்க பன்னெண்டு மணி நேரம் நிக்கிறான்."

"ஏன் ஐயா அப்படி?"

"மாசம் பொறந்தா சம்பளம் வருதே தம்பி!"

பொருளாதாரத்தில் நான் மூன்று வருஷம் படித்ததை மனிதர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஒன்பது பேர், ஒரு மூட்டை முருங்கைக்கீரை, நான். ஏனாத்தூர் ஒரு காலத்தில் வயலும் வரப்புமாக இருந்த கிராமம். இன்றைக்குக் கல்லூரி வாசல், ஜெராக்ஸ் கடை, ஜூஸ் கடை, பேக்கரி, 'வீட்டுமனைகள் விற்பனைக்கு' போர்டு. மனையில் முழங்கால் தண்ணீர். போர்டு மட்டும் நனையாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

எனக்கு ஊர்ப் பெயரைக் கேட்டதும் 'ஏனாதி' ஞாபகம் வந்தது. பழந்தமிழ் அரசர்கள் சிறந்த படைத்தலைவனுக்குக் கொடுத்த பட்டம் அது. மோதிரமும் போடுவார்கள். யுத்தம் பற்றித் தீர்ப்புச் சொல்ல வந்தவனுக்குப் பொருத்தமான ஊர்தான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு மோதிரம் கிடையாது. பொன்னாடை மட்டும்.

* * *

ஆயுதம் கட்சியில் முதலில் பேசிய பையன் வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டைக்காரன். 'ராணுவப்பேட்டை' என்றே அந்த ஊருக்குப் பட்டப்பெயர். வீட்டுக்கு வீடு பட்டாளத்து ஆள். இவனுடைய அப்பா சுபேதாராக ஓய்வு பெற்றவர். பையன் மேடையில் நின்றதே அட்டென்ஷனில்தான்.

"1962ல சீனாக்காரன் வந்தப்போ நம்ம ஜவான்களுக்குக் குளிருக்குப் போட நல்ல கோட்டு இல்லை. 1999ல கார்கில். 2020ல கல்வான். அதுல உயிரை விட்ட ஹவில்தார் பழனி நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். 2025 மே மாசம் நாலு நாள் சண்டை நடந்தது. இங்கே நாம மைக்கைப் பிடிச்சு அரிசியா ஆயுதமான்னு பேசறோம்னா, அங்கே ஒருத்தர் துப்பாக்கியைப் பிடிச்சு நிக்கிறார்னு அர்த்தம்!"

அரங்கம் அதிர்ந்தது. நானும் தட்டினேன். நடுவர் தட்டக்கூடாது என்று நண்பன் முதல் வரிசையிலிருந்து கண்ணைக் காட்டினான்.

அரிசிக் கட்சிப் பையன் கையில் துண்டுச்சீட்டு. "2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கு 6 லட்சத்து 81 ஆயிரத்து 210 கோடி ரூபாய். ஜவுளித் துறைக்கு 5,272 கோடி. சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்றத் துறைக்கு 3,400 கோடி சொச்சம்."

எனக்குக் கை துறுதுறுத்தது. கணக்கு என்றால் விடுவேனா? செல்போனை மேஜைக்கடியில் வைத்துத் தட்டிப் பார்த்தேன். பாதுகாப்புக்கு நூறு ரூபாய் என்றால் ஜவுளிக்கு 77 பைசா. காலநிலைக்கு 50 பைசா. பாதுகாப்புச் செலவை வருஷத்தின் நொடிகளால் வகுத்தேன். ஒரு நொடிக்கு 2 லட்சத்து 16 ஆயிரம் ரூபாய்! நீங்கள் இந்த வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் ஒரு நல்ல கார் வாங்கியாகிவிட்டது.

கம்மவான்பேட்டையின் கூட்டாளி சும்மா இருப்பாளா? எழுந்தாள். "அதே பட்ஜெட்டில் உணவு மானியம் 2 லட்சம் கோடிக்கு மேல. அதை ஏன் எதிரணி மறைக்கிறாங்க? பாதுகாப்புச் செலவுன்னா எல்லாம் பீரங்கின்னு நினைக்கிறாங்களா? அதுல 1 லட்சத்து 60 ஆயிரம் கோடி பென்ஷன். கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அது எங்கே போகுது? கிராமத்து அடுப்புக்குத்தான் போகுது!"

நியாயம்தான். நான் மனசுக்குள் அரிசிக்குப் போட்டிருந்த மார்க்கில் இரண்டைக் குறைத்தேன்.

உலகக் கணக்கும் வந்தது. 2024ல் உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து ராணுவத்துக்குச் செலவழித்தது 2 லட்சத்து 71 ஆயிரத்து 800 கோடி டாலர். ஸ்வீடனில் உள்ள சிப்ரி நிறுவனத்தின் கணக்கு. அதே வருஷம் பாகு நகரத்தில் நடந்த காலநிலை மாநாட்டில், ஏழை நாடுகளுக்கு வருஷம் 30,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் வாக்குக் கொடுத்தன. அதுவும் உடனே இல்லை, 2035க்குள். ஒன்பதில் ஒரு பங்கு, அதுவும் கடன் சொல்லி. நம்ம அண்ணாச்சி கடையில்கூட இவ்வளவு நீண்ட தவணை கிடையாது.

கடைசியாக ஒரு பெண் வந்தாள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். ஒல்லியான குரல். கையில் சீட்டு இல்லை.

"எங்க அப்பா பட்டு நெசவாளி. எங்க வீட்டுல யாரும் துப்பாக்கியைப் பார்த்ததில்லை. ஆனா எங்க உலகத்துல சண்டை வந்தா முதல்ல தெரியறது எங்க தறிக்குத்தான்" என்றாள்.

அரங்கம் அமைதியானது.

"எங்க ஊர்ல பட்டு விளையறதில்லை. அது கர்நாடகாவிலேருந்து வருது. ஜரிகை சூரத்திலேருந்து. வெள்ளிக் கம்பியைப் பட்டு நூல்ல சுத்தி, தங்க முலாம் பூசினதுதான் அசல் ஜரிகை. 2022ல ரஷ்யா உக்ரைன்ல இறங்குச்சு. ரஷ்யா வெளிநாட்டுல வச்சிருந்த கையிருப்பைப் பெரிய நாடுங்க முடக்கிட்டாங்க. நம்ம பணத்துக்கும் இந்தக் கதிதானோன்னு பல நாட்டு மத்திய வங்கிகளும் பயந்துக்கிட்டுத் தங்கமா வாங்கிக் குவிச்சாங்க. மூணு வருஷம், வருஷத்துக்கு ஆயிரம் டன்னுக்கு மேல. 2022 ஆரம்பத்துல சவரன் 36 ஆயிரம். இப்ப இந்த அக்டோபர்ல 90 ஆயிரத்தைத் தாண்டிடுச்சு. சண்டை மட்டுமே காரணம்னு சொல்லலை. ஆனா அதுவும் காரணம். ஜரிகை விலை ஏறினா புடவை விலை ஏறும். புடவை விலை ஏறினா வாங்கறவங்க யோசிப்பாங்க. வாங்கலைன்னா முதலாளி அடுத்த பாவு கொடுக்க மாட்டார். அப்பா தறி சும்மா கிடக்கும். குண்டு அங்கே விழுது ஸார். எங்க வீட்டுத் தறி இங்கே நிக்குது!"

நான் கால்குலேட்டரை மூடி வைத்தேன்.

* * *

தீர்ப்பு. மைக் என் கைக்கு வந்தது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இன்னொரு பக்கம் உதைக்கும் என்று தோன்றியது. ஆகவே நம் வழக்கப்படி சங்க காலத்துக்கு ஓடினேன்.

"மாணவச் செல்வங்களே! இந்தப் பட்டிமன்றம் இதே காஞ்சியில் ஏற்கெனவே நடந்திருக்கிறது" என்று ஆரம்பித்தேன். தகடூர், அதாவது இன்றைய தருமபுரிப் பக்கம், அதியமான் நெடுமான் அஞ்சி. காஞ்சியில் தொண்டைமான். இரண்டு பேருக்கும் பகை. அதியமானுக்காக ஔவையார் தூது வருகிறார். தொண்டைமான் என்ன செய்கிறான்? வந்தவரைச் சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்னால் ஆயுதக் கொட்டிலுக்கு அழைத்துப்போய்க் காட்டுகிறான். இன்றைக்கு ராணுவ அணிவகுப்பில் ஏவுகணையைக் காட்டுவது மாதிரி. மயில்பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் தடவிப் பளபளவென்று அடுக்கிய வேல்கள். ஔவை பார்த்தார். 'ஆகா, உங்களுடையது எவ்வளவு புதுசாக இருக்கிறது! எங்கள் ஆள் வேலெல்லாம் குத்திக் குத்தி முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது' என்றார். புகழ்ச்சி மாதிரி ஓர் இடி. புறநானூறு 95-ஆம் பாட்டு.

"ஆகவே ஆயுதத்தை அடுக்கி வைப்பதனால் மட்டும் பலம் வந்துவிடாது, அதே சமயம் அரிசி மட்டும்..." என்று இழுத்து, இரண்டும் தேவை, இரு அணியும் வெற்றி என்று முடித்தேன். கைதட்டல். பொன்னாடை. (பாலியஸ்டர். அதுவும் பட்டு ஊர்ப் பக்கத்தில்!)

மேடையை விட்டு இறங்கியதும் பிள்ளையார்பாளையம் பெண் வந்து நின்றாள். "ஸார், ஒரு சின்ன விஷயம். அந்தப் பாட்டு நீங்க சொன்ன இடத்தோட முடியலை."

"அப்படியா?"

"யாரோட வேல்னு கடைசியில அடையாளம் சொல்லி முடிப்பாங்க. சாப்பாடு இருந்தா வந்தவங்களுக்குப் போடுவான், இல்லாட்டி இருக்கிறதை அவங்களோட சேர்ந்து சாப்பிடுவான், அப்பேர்ப்பட்டவனோட வேல்னு. தொண்டைமான் காட்டினது கொட்டில். ஔவையார் காட்டினது பந்தி."

எனக்குக் காது சிவந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டு. ஒடிந்த வேல் ஞாபகம் இருந்தது. சோறு மறந்துவிட்டது. எனக்கு மட்டுமா மறந்தது?

கம்மவான்பேட்டைப் பையன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். விடவில்லை. "எல்லாம் சரி. அவ்வளவு நல்ல அதியமான் கடைசியில எப்படிச் செத்தான்? சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்தான், தகடூர் சண்டையில செத்தான். சோறு போட்டவனையும் விடலையே!"

அவள் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நடுவர் பதவிக்காலம் முடிந்துவிட்டது.

"மழை விட்டிருக்கு. எங்க வீட்டுக்கு வந்து தறியைப் பாத்துட்டுப் போங்க ஸார். டேய், நீயும் வாடா" என்றாள். மேடையில் அடித்துக்கொண்ட இரண்டும் வகுப்பில் ஒரே பெஞ்ச் என்று அப்போதுதான் தெரிந்தது.

* * *

பிள்ளையார்பாளையம் தெருக்களில் நடந்தால் முன்பெல்லாம் இரண்டு பக்கமும் தறிச் சத்தம் தாளம் போடும் என்பார்கள். அன்றைக்கு மழைத்தண்ணீர் சத்தம்தான் அதிகம். கோடையாக இருந்தால் காலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி வேலை செய்வார்களாம். மழையில் தெருவே வாய்க்கால்.

அவள் அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். "வாங்க தம்பி" என்று பாயை விரித்தார். வீட்டின் பாதியைத் தறி பிடித்துக்கொண்டிருந்தது. குழித்தறி. தரையில் பள்ளம் தோண்டி, அதில் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்கிறது. தலைக்கு மேலே ஜக்கார்டு அட்டைகள். அரக்கு உடம்பு, பச்சைக் கரை, பாதிப் புடவை. பிளாஸ்டிக் தாள் போட்டு மூடியிருந்தது.

"ஏன் மூடிட்டீங்க ஐயா?"

"காத்துல ஈரம் தம்பி. பாவு நமுத்துப் போச்சுன்னா இழை ஒட்டும், அறுந்து போகும். அதோட குழியில பாருங்க."

எட்டிப் பார்த்தேன். அவர் கால் வைக்கும் பள்ளத்தில் தண்ணீர் ஊறியிருந்தது. ஒரு பிளாஸ்டிக் மக் மிதந்துகொண்டிருந்தது.

"கார்த்திகை வரைக்கும் இப்படித்தான். மொண்டு ஊத்துவேன், மறுபடி ஊறும். ஐப்பசி மழை எப்பவும் உள்ளதுதான். இப்ப ஒரு மாச மழை ரெண்டு நாள்ல கொட்டுது. 2021ல பாலாத்துல தண்ணி போன வேகத்தை நான் என் ஆயுசுல பாத்ததில்லை. வெயிலும் அப்படித்தான். பட்டுப்பூச்சிக்கு வெயில் கூடினா ஆகாது. கூடு சரியாக் கட்டாது. கூடு கெட்டா நூல் விலை ஏறும். எது நடந்தாலும் எங்களுக்கு விலை ஏறும், கூலி மட்டும் உக்காந்த இடத்துலயே உக்காந்திருக்கும்!" என்று சிரித்தார்.

கரை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறமாக நெய்து கோத்து வாங்குவதற்குக் கோர்வை என்று பெயர். பக்கத்தில் உட்கார்ந்து நாடாவைத் தள்ளித்தர இன்னொரு கை வேண்டும். அந்தக் கை அவர் மனைவியுடையது. முன்பெல்லாம் பல வீடுகளில் அந்த இடத்தில் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். அது ஒழியவேண்டும் என்று பல வருஷம் பாடுபட்டுத்தான் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அப்படிப் போனதால்தான் இந்தப் பெண் எனக்குப் புறநானூறு சொல்லிக்கொடுத்தாள்.

ஒரு புடவைக்குப் பன்னிரண்டு, பதினைந்து நாள். கூலி சொன்னார். என் மனசுக்குள் கால்குலேட்டர் ஓடியது. புருஷனும் பெண்டாட்டியும் வருஷம் முழுக்க நெய்து வாங்கும் கூலி, காலையில் நான் போட்ட அந்த ஒரு நொடிக்குள்ளே அடங்கிவிட்டது. மீதிச் சில்லறை வேறு இருந்தது.

"எங்க அப்பா ஒண்ணு சொல்வாரு" என்றார். "1953ல கைத்தறித் துணி தேங்கி நெசவாளிங்கல்லாம் கஞ்சிக்கு அலைஞ்சப்போ, நம்ம ஊர் அண்ணாதுரை தோள்ல துணியைப் போட்டுக்கிட்டுத் தெருத்தெருவா வித்தாராம்."

1953 என்றதும் எனக்கு ஒன்று உறைத்தது. அதே வருஷம் ஏப்ரலில்தான் அமெரிக்க அதிபர் ஐசனோவர் ஒரு பேச்சுப் பேசினார். செய்யும் ஒவ்வொரு துப்பாக்கியும், கட்டும் ஒவ்வொரு போர்க்கப்பலும், கடைசிக் கணக்கில் பசித்தவனிடமிருந்து திருடியது என்கிற அர்த்தத்தில். இரண்டாம் உலக யுத்தத்தில் லட்சக்கணக்கான படையை நடத்திய தளபதி சொன்னது இது. தோளில் கைத்தறி சுமந்த காஞ்சிக்காரர் ஒரு பக்கம், தோளில் நட்சத்திரம் சுமந்த தளபதி ஒரு பக்கம். இரண்டு பேரும் ஒரே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள்.

பேசிக்கொண்டிருந்தபோதே அண்ணன்காரன் உள்ளறையிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். அதே கம்பெனி சட்டை. காலையில் நான் பார்த்த பஸ்ஸில் தூங்கிய தலைகளில் அதுவும் ஒன்றாக இருக்கலாம். ஒப்பந்த வேலை. "பர்மனென்ட் ஆகலை ஸார்" என்றான், கேட்காமலேயே. அக்னிபத்தில் சேரலாம் என்று 2022ல் ஆசைப்பட்டானாம், உயரம் போதவில்லை.

"சேர்ந்திருந்தாலும் நாலு வருஷம்தாண்ணே" என்றான் கம்மவான்பேட்டை. "நாலுல ஒருத்தரைத்தான் வச்சுக்குவாங்க. மத்தவங்களுக்குச் சேவா நிதின்னு ஒரு தொகை. பென்ஷன் கிடையாது. எங்க அப்பாவுக்கு இருக்கு. எனக்கு இருக்காது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடையில் ஆயுதம் ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம் என்று நாற்காலி போட்டிருந்தோம். இங்கே இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் வேண்டியது மாசம் பிறந்தால் வருகிற சம்பளமும், வயதான பின் ஒரு பிடிமானமும்தான்.

"சாப்பிடுங்க" என்று தட்டு வைத்தார் அந்த அம்மா. நான் அவசரமாக எழுந்தேன். "இல்லம்மா, நான் போய் ஓட்டல்ல..."

"காஞ்சிபுரத்துக்கு வந்துட்டு ஓட்டல்லயா? உக்காருங்க. ரசத்துல ஒரு டம்ளர் தண்ணி சேர்த்தா ஆச்சு!"

நாலு பேருக்கு வடித்த சோறு ஆறு தட்டில் விழுந்தது. முருங்கைக்கீரை, அப்பளம், நீர்த்த ரசம். தறி நின்று ஒன்பது நாள் ஆன வீடு. பாட்டின் கடைசி வரிகளை எனக்கு இனிமேல் யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம்.

* * *

கைலாசநாதர் கோயில் அங்கிருந்து நடை தூரம். பிள்ளைகள் இரண்டும் கூட வந்தன. எட்டாம் நூற்றாண்டு தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் கட்டிய மணற்கல் கோயில். மழையில் நனைந்து தேன் நிறத்தில் இருந்தது. சுற்றிலும் தேன்கூடு மாதிரி சின்னச் சின்னச் சன்னதிகள்.

இந்த ஊர் பார்க்காத சண்டை இல்லை. ஏழாம் நூற்றாண்டில் சாளுக்கியப் புலிகேசி காஞ்சி வரை வந்தான். பதிலுக்கு 642 வாக்கில் நரசிம்மவர்மன் போய் வாதாபியை அழித்தான். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பக்கத்துப் புள்ளலூரில் பல்லவர் காலத்திலும் ரத்தம் சிந்தியது. ஆயிரம் வருஷம் கழித்து 1780 செப்டம்பரிலும் சிந்தியது. ஹைதர் அலியும் திப்புவும் அங்கே கர்னல் பெய்லியின் வெள்ளைக்காரப் படையை நொறுக்கினார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அந்த வெற்றியைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனைச் சுவரில் சித்திரமாகவே எழுதி வைத்தான். இருபது வருஷம் கழியும் முன் திப்புவும் போனான். சித்திரம் இருக்கிறது.

வாதாபி எரிந்து நூறு வருஷம் கழித்து, சுமார் 740ல், சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் படையோடு காஞ்சிக்குள் நுழைந்தான். தாத்தா காலத்துப் பழி பாக்கி இருக்கிறது. ஊரைக் கொளுத்தினால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவன் இந்தக் கோயிலுக்கு வந்தான். இதன் செல்வத்தைப் பார்த்தான். எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். கொடுத்ததைக் கன்னடத்தில் இங்கே ஒரு தூணில் வெட்டியும் வைத்தான். ஊருக்குப் போனபின் அவன் ராணி லோகமகாதேவி பட்டடக்கல்லில் கட்டிய கோயிலில் இந்தக் கோயிலின் சாயல் தெரியும் என்பார்கள் ஆராய்ச்சியாளர்கள். படையெடுத்தவன் யோக்கியன் என்று சொல்லவரவில்லை. படை எடுத்தது எடுத்ததுதான். ஆனால் கொளுத்தியதற்குப் பதில் கொளுத்தல் என்று போய்க்கொண்டிருந்த கணக்கை, ஜெயித்த இடத்திலேயே நிறுத்தியவன்.

"அதுக்கப்புறம் சண்டையே வரலையா?" என்றான் கம்மவான்பேட்டை.

"வராம என்ன? இருபது வருஷத்துக்குள்ள சாளுக்கிய ஆட்சியே போயிடுச்சு. ராஷ்டிரகூடர் வந்தாங்க. ஆனா இந்தக் கோயில் நிக்குது பாரு" என்றேன்.

அவன் தூணைத் தொட்டுப் பார்த்தான். "எங்க அப்பா சொல்வார் ஸார். சண்டையை யாரும் விரும்பாத ஒரே இடம் பட்டாளம்தான்னு. போறது நாங்கதானே!"

அன்று மேடையில் நான் சொல்லாமல் நழுவிய தீர்ப்பை இங்கே சொல்லிவிடுகிறேன். தலைப்பே தப்பு. வீட்டுக்குக் காவலாள் வேண்டாம் என்று எந்தக் குடும்பஸ்தனும் சொல்ல மாட்டான். காவலாளுக்கு நல்ல சம்பளமும் பென்ஷனும் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கூரை ஒழுகுகிறது, குழியில் தண்ணீர் ஊறுகிறது, அரிசிப் பானை காலி. அப்போது பக்கத்து வீட்டுக்காரன் நாலாவது பூட்டு வாங்கினான் என்று நாம் ஐந்தாவது வாங்குவதும், அதைப் பார்த்து அவன் ஆறாவது வாங்குவதும் பாதுகாப்பு ஆகாது. பூட்டுக் கடைக்காரனுக்குத்தான் லாபம். உலகத்தின் ராணுவங்கள் விடும் புகை, மொத்தப் புகையில் நூற்றுக்கு ஐந்தரை பங்கு என்று 2022ல் ஒரு மதிப்பீடு. 1997 கியோட்டோ ஒப்பந்தக் கணக்கில் அதற்கு விலக்கு. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் இஷ்டமிருந்தால் சொல்லலாம். ஆக, பூட்டு வாங்குகிற கையே கூரையிலும் ஓட்டை போடுகிறது! வெள்ளம் எதிரி, வெயில் எதிரி, வேலையில்லாத ஷிப்ட் எதிரி. இந்த எதிரிகளுக்கு எதிராக எத்தனை ரூபாய் என்று எல்லைக்குக் கேட்கிற அதே கண்டிப்போடு கேட்பதும் தேசபக்திதான்.

* * *

ராத்திரி வீடு திரும்பினேன். மனைவி என் கையைப் பார்த்தாள். பொன்னாடை மட்டும் இருந்தது.

"புடவை?"

பாதி நெய்த அரக்குப் புடவையைப் பற்றிச் சொன்னேன். குழியில் மிதந்த மக்கைப் பற்றிச் சொன்னேன். ரசத்தில் சேர்ந்த ஒரு டம்ளர் தண்ணீரையும் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பச்சைக் கரை போட்டது எப்ப முடியும்?" என்றாள்.

"மழை விட்டாத்தான்."

"விடட்டும். தை மாசம் நாமளே போவோம். இந்தத் தடவை நான் உண்டியலை உடைக்கிறேன். கூடவே அஞ்சு கிலோ அரிசி எடுத்துக்கலாம். சும்மா கை வீசிட்டா போறது?"

பி.காம். மூளை உடனே கணக்குப் போட ஆரம்பித்தது. அதட்டி உட்கார வைத்தேன்.